வெள்ளித்திரைச் சிரிப்பு – 9: கொல்லைப்புறத்துப் பிள்ளைகள்

சென்ற வாரம் கறுப்பின நகைச்சுவை நடிகர் பர்ட் வில்லியம்ஸை டெட்ராய்ட் நகரத்து மேடையில் விட்டுவிட்டு வந்தோம். 1922 பிப்ரவரி கடைசியில், நிமோனியாக் காய்ச்சலோடு நடித்துக்கொண்டிருந்தவர் சரிந்து விழுந்தார். அதையும் நடிப்பென்று நினைத்து அரங்கம் சிரித்தது என்று சொல்வார்கள். நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள், மார்ச் 4-ம் தேதி உயிர் பிரிந்தது. வயது 47.

அவரை வழியனுப்புவதற்கு முன்னால் ஒரு படச்சுருளின் கதையைச் சொல்லிவிட வேண்டும். 1913-ல் பயோகிராஃப் நிறுவனத்துக்காக அவர் நடித்த ஒரு படம் முடிக்கப்படாமலே கிடப்பில் போடப்பட்டது. கறுப்பினத்தார் ஒரு பெருங்கூட்டமாக நடித்த நகைச்சுவைப் படம் அது. உல்லாசப் பயணம், நடனப் போட்டி, ராட்டினச் சவாரி, கதாநாயகி ஒடெசா வாரன் கிரேயோடு காதல், கடைசியில் ஒரு முத்தம்கூட உண்டு. 1939-ல் பயோகிராஃபின் பழைய நெகட்டிவ்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வாங்கியபோது இந்தச் சுருள்களும் பெயரில்லாமல் அவற்றோடு வந்து சேர்ந்தன. நெடுங்காலம் கழித்து ஆய்வாளர்கள் அவற்றை வரிசைப்படுத்தி, நடித்தவர்களை அடையாளம் கண்டு, 2014-ல்தான் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். நூறு வருஷம் தாமதமாக வெளியான படம்.

அதில் ஒரு காட்சியைப் பார்த்தாலும் போதும், இந்த வாரம் நாம் பேசப்போகும் விஷயம் முழுவதும் கண்ணில் படும். சுற்றியிருக்கும் நடிகர்கள் எல்லோரும் தங்கள் சொந்த முகத்தோடு, நல்ல உடையுடுத்தி, காதலித்துச் சிரித்து ஆடுகிறார்கள். நடுவில் வில்லியம்ஸ் மட்டும் எரித்த தக்கையின் கரியைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு நிற்கிறார். பஹாமாஸில் பிறந்த அவர் மாநிறத்துக்காரர். வெள்ளையர்கள் கறுப்பரைக் கேலி செய்யக் கண்டுபிடித்த அந்தக் கரியைக் கறுப்பரான அவரே பூசினால்தான் அமெரிக்க மேடை அவரைக் கோமாளியாக ஏற்றுக்கொண்டது. 1910 முதல் ஸீக்ஃபெல்டின் புகழ்பெற்ற ‘ஃபாலிஸ்’ நிகழ்ச்சியில் வெள்ளை நட்சத்திரங்களுக்குச் சமமாக மேடையேறிய மனிதருக்கே அதுதான் நிபந்தனை. கரி ஒரு அனுமதிச் சீட்டு. அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள்.

அவர் இறந்த அதே 1922-ல், கண்டத்தின் மறு கோடியில், கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில், கரி பூசாத ஒரு கறுப்பினச் சிறுவன் வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். கேமரா அவனைத் துரத்திக்கொண்டிருந்தது. ‘அவர் கேங்’, அதாவது ‘நம்ம கூட்டம்’ என்ற குறும்படத் தொடர் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

தயாரிப்பாளர் ஹால் ரோச். லாரலையும் ஹார்டியையும் ஜோடி சேர்த்த ஸ்டூடியோ அவருடையதுதான் என்றால் நம் வாசகர்களுக்கு ஆள் பிடிபட்டுவிடும். ஆனால் ஜோடி சேர்ந்தது அதற்கு ஐந்து வருஷம் கழித்து. 1922-ல் ரோச்சின் பெரிய சொத்து ஹெரால்ட் லாய்ட். பிள்ளைகளை வைத்துப் படமெடுக்கும் யோசனை எப்படி வந்தது என்பதற்கு ரோச் வாழ்நாள் முழுக்க ஒரு கதை சொல்லிவந்தார். பவுடரும் மையும் அப்பி, பெரியவர்களைப்போல் பேசப் பழக்கப்பட்ட ஒரு சிறுமியை யாரோ நடிப்புத் தேர்வுக்கு அழைத்து வந்தார்களாம். பார்த்துச் சலித்துப்போய் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், எதிரே மரக்கடையில் பொறுக்கிய குச்சிகளுக்காகச் சில பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். யாருக்குப் பெரிய குச்சி என்பதுதான் வழக்கு. கால் மணி நேரம் தன்னை மறந்து பார்த்தாராம். அது எவ்வளவு உண்மையோ, படங்களில் அந்தக் குச்சிச் சண்டையின் வாசனை இருக்கிறது. இயக்குநர் ராபர்ட் மக்கவன் பிள்ளைகளை நடிக்கவைக்கவில்லை, விளையாடவிட்டார்.

அந்தக் கூட்டத்தில் முதலில் சேர்க்கப்பட்டவன் எர்னி மாரிசன். 1912-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பினச் சிறுவன். தகப்பனார் ஜோசப் மாரிசன் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வசதியான வீட்டில் சமையல்காரர். ஒரு படப்பிடிப்பில் அமர்த்தப்பட்ட குழந்தை அழுகையை நிறுத்தவே மறுத்ததால், அழாத பிள்ளை வேண்டும் என்று எர்னியைக் கேட்டு வாங்கியதாகச் சொல்வார்கள். முகம் எப்போதும் மலர்ந்திருந்ததால் ‘சன்ஷைன்’ என்று பெயர் வந்தது. பின்னால் ‘சாமி’யும் ஒட்டிக்கொண்டு ‘சன்ஷைன் சாமி’ ஆனான். 1919-ல் ஹால் ரோச் அவனோடு இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டார். ஹாலிவுட்டில் நீண்டகால ஒப்பந்தம் பெற்ற முதல் கறுப்பின நடிகர் என்று வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் குறிப்பிடுவது இந்த ஏழு வயதுக்கும் குறைவான பையனைத்தான்.

1920-ல் வந்த லாய்டின் ‘கெட் அவுட் அண்ட் கெட் அண்டர்’ கிடைத்தால் பாருங்கள். நடுவழியில் நின்றுபோன காரை லாய்ட் பழுதுபார்க்கிறார். இந்தப் பையன் வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறான். எட்டிப் பார்க்கிறான், கை வைக்கிறான், வழியை மறிக்கிறான். அவன் கறுப்பினப் பிள்ளை என்பதில் அந்தச் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. அவசரத்தில் இருக்கும் பெரியவரும் ஆர்வம் அடங்காத சிறுவனும் மோதினால் எந்த ஊரிலும் எழக்கூடிய சிரிப்பு அது. அமெரிக்காவின் பெரிய நகைச்சுவை நட்சத்திரத்தின் எதிரே எட்டு வயதுகூட நிரம்பாத பிள்ளை நிற்கிறான். நேரக் கணக்கில் ஓர் இம்மிகூடத் தவறவில்லை. நான் அதைக் கலை என்றே சொல்வேன்.

ஆனால் அதே வருஷம், அதே லாய்டோடு, அதே ஸ்டூடியோவில் எடுத்த ‘ஹான்டட் ஸ்பூக்ஸ்’ படத்தில் கதை வேறு. பேய் வீடு. கறுப்பின வேலைக்காரர்கள் கண்ணை உருட்டிக்கொண்டு நடுங்க வேண்டும். பையன் மாவு டப்பாவுக்குள் விழுந்து வெள்ளை வெளேரென்று எழுந்து வர வேண்டும். கறுப்பர் மாவில் விழுந்தால் வெள்ளை, வெள்ளையர் கரியில் விழுந்தால் கறுப்பு என்ற இந்தக் கைச்சரக்கு அன்றைய நகைச்சுவைக்காரர் எல்லோரிடமும் இருந்தது. பேயைக் கண்டு அஞ்சுதல், தர்பூசணி, கோழித் திருட்டு, பகடைச் சூதாட்டம், சவரக் கத்தி என்று மின்ஸ்ட்ரல் மேடை சேர்த்துவைத்திருந்த பட்டியல் அப்படியே சினிமாவுக்கு வந்து இறங்கியது. 1830-களில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளைக்காரர் கரி பூசி ஆடிய ‘ஜிம் க்ரோ’ ஆட்டத்திலிருந்து வளர்ந்த மரபு அது. பிற்பாடு தென் மாநிலங்களின் இனப்பிரிவினைச் சட்டங்களுக்கே அந்தக் கோமாளியின் பெயர் நிலைத்தது. பஸ்டர் கீட்டனின் ‘செவன் சான்சஸ்’ 1925-ல் வந்த அற்புதமான படம்; அதிலும் தூது கொண்டுவரும் கறுப்பின ஆள் வேடத்தில் கரி பூசிய வெள்ளை நடிகர்தான் வருகிறார். கீட்டனை நேசிக்கும் எவருக்கும் அந்த இடத்தில் மனம் உறுத்தும். உறுத்தத்தான் வேண்டும்.

‘அவர் கேங்’ இந்த இரண்டு வகையையும் ஒரே பானையில் கொதிக்கவிட்டது. எர்னி அந்தக் கூட்டத்தில் பலமுறை யோசனை சொல்பவன், வண்டி கட்டுபவன், முன்னால் ஓடுபவன். சிவப்புத் தலையன் மிக்கி டேனியல்ஸும், மேரி கார்ன்மனும், குண்டுப் பையன் ஜோ காப்பும் அவனோடு தோளில் கைபோட்டுத் திரிகிறார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் திட்டு வாங்குகிறார்கள். அன்றைய அமெரிக்காவில் இதை நினைத்துப் பாருங்கள். 1896-ல் உச்ச நீதிமன்றமே ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்று பிரிவினைக்குச் சட்ட முத்திரை குத்தியிருந்தது. தென் மாநிலங்களில் இந்தப் படம் ஓடிய கொட்டகைகளுக்குக் கறுப்பர்கள் பக்கவாட்டுப் படியேறி மாடிக்குப் போக வேண்டும். திரையில் பிள்ளைகள் கலந்து விளையாடுகிறார்கள். கீழே பார்க்கிற பிள்ளைகள் கலந்து உட்கார முடியாது.

திரைக்கு வெளியிலும் அந்தக் கலப்பு உண்மையாக இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஸ்டூடியோவுக்குள்ளேயே பள்ளிக்கூடம் நடந்தது. ஃபெர்ன் கார்ட்டர் என்ற ஆசிரியை எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே பாடம் நடத்தினார். பின்னாளில் எர்னி மாரிசன் கொடுத்த பேட்டிகளில், அந்த ஸ்டூடியோவில் நிற வேற்றுமையைத் தான் பார்த்ததில்லை என்றும், ரோச்சின் கண்ணுக்கு நிறம் தெரிந்ததில்லை என்றும் உறுதியாகச் சொன்னார். அனுபவித்தவர் சொன்னது; அதற்கு மதிப்புக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் வசன அட்டைகளை எழுதியவர் வேறு. மௌனப்பட நாட்களில் ரோச் படங்களுக்கு எச். எம். வாக்கர் என்பவர்தான் அட்டை எழுதுவார். வெள்ளைப் பிள்ளைகளின் பேச்சும் கொச்சைதான் என்றாலும், கறுப்பினப் பிள்ளைகளின் வாயில் திணிக்கப்பட்ட கொச்சை மின்ஸ்ட்ரல் மேடையிலிருந்து எடுத்தது. நகைச்சுவைத் துணுக்கு யோசித்தவர்கள், இயக்கியவர்கள், வெட்டி ஒட்டியவர்கள் எல்லோரும் வெள்ளை ஆண்கள். பிள்ளைகளிடம் அன்பாக நடந்துகொண்டவர்கள்தான். அன்பு இருந்தது, எழுதும் கை வேறொரு பழக்கத்தில் வளர்ந்திருந்தது. இந்தத் தொடரை ஒரேயடியாகத் தூக்கிவைப்பவர்களும் ஒரேயடியாகத் தூக்கி எறிபவர்களும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து.

1923-ல் வந்த ‘லாட்ஜ் நைட்’ என்ற குறும்படம் இதற்கு நல்ல சாட்சி. 1915-ல் இயக்குநர் கிரிஃபித்தின் ‘பர்த் ஆஃப் எ நேஷன்’ படம் கிளப்பிவிட்ட வெறியில் ஜார்ஜியாவில் மறுபிறவி எடுத்த வெள்ளை இனவெறிக் கூட்டமான கூ க்ளக்ஸ் க்ளான், இருபதுகளின் நடுவில் லட்சக்கணக்கில் உறுப்பினர் சேர்த்து, 1925-ல் தலைநகர் வாஷிங்டனின் வீதியில் முகமூடியைக் கழற்றிவிட்டே ஊர்வலம் போகும் அளவுக்குக் கொழுத்தது. அந்த நேரத்தில் நம் பிள்ளைகள் ‘க்ளக் க்ளக் க்ளாம்ஸ்’ என்று ஒரு ரகசியச் சங்கம் தொடங்குகிறார்கள். அதில் கறுப்பினப் பிள்ளைகளும் உறுப்பினர்கள்! க்ளானின் சடங்கை இதைவிடக் குழந்தைத்தனமாகக் கவிழ்க்க முடியாது. மரத்தில் ஆட்களைத் தூக்கிலிட்டுக்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கும் துணிவு அதில் இருக்கிறது. அந்தக் கூட்டத்தால் வீட்டில் சாவு விழுந்த ஒருவர் அதே அரங்கின் மாடியில் உட்கார்ந்திருந்தால் அவருக்கும் சிரிப்பு வந்திருக்குமா என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

1924-ல் எர்னி தொடரை விட்டு விலகி மேடை நிகழ்ச்சிகளுக்குப் போனான். அவன் நடித்தவை 28 குறும்படங்கள். அவன் போன பிறகு பாரம் முழுவதும் ஒரு குழந்தையின் தலையில் விழுந்தது.

அந்தக் குழந்தை ஃபரீனா. இயற்பெயர் ஆலன் ஹாஸ்கின்ஸ். 1920 ஆகஸ்டில் பாஸ்டனில் பிறந்தவன். கேமராவுக்கு முன்னால் முதலில் வந்தபோது இரண்டு வயதுகூட நிறையவில்லை. தலைமுடியைச் சின்னச் சின்னச் சடையாகப் பின்னி ரிப்பன் கட்டி, பல படங்களில் பாவாடையும் மாட்டிவிட்டார்கள். பையனா பெண்ணா என்று ரசிகர்களை ஊகிக்கவிட்டதே ஒரு விளம்பர உத்தி ஆயிற்று. ஃபரீனா என்பது காலைக் கஞ்சிக்குப் போடும் ஒரு வகை ரவையின் பெயர். பக்கத்தில் நிற்கும் வெள்ளைப் பிள்ளைகள் அப்போது மிக்கி, மேரி, ஜோ என்று சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். பின்னால் வெள்ளைப் பிள்ளைகளுக்கும் ஸ்பாங்கி, அல்ஃபால்ஃபா என்று செல்லப் பெயர்கள் வந்தன என்பது சரிதான். ஆரம்பத்தில் அப்படி இல்லை.

ஃபரீனா அழுதால் ஊரே அழும். மக்கவன் கேட்ட மாத்திரத்தில் அந்தப் பிள்ளையின் கண்ணில் நிஜக் கண்ணீர் வந்து நிற்கும் என்பது அந்த ஸ்டூடியோவில் பேர் பெற்ற சங்கதி. ஒன்பது வருஷத்தில் 105 படங்கள். இருபதுகளில் அமெரிக்கா முழுதும் அறிந்த கறுப்பினக் குழந்தை நட்சத்திரம் அவன்தான்.

1925-ல் ‘யுவர் ஓன் பேக் யார்ட்’ என்ற படத்தில் அவனை நடுநாயகமாக வைத்தார்கள். வெள்ளைப் பிள்ளைகள் ஃபரீனாவை விளையாட்டில் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள். அவன் அம்மா சொல்லும் யோசனை: உன் வீட்டுக் கொல்லைப்புறத்தோடு இருந்துகொள். எத்தனை கறுப்பினத் தாய்மார்கள் தங்கள் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டி இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள்! படம் அந்த யோசனையைக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் ஒதுக்கப்பட்ட பிள்ளையின் முகத்தை நெருங்கிப் பார்க்கிறது. நகைச்சுவைப் படம் என்ற பெயரில், இருபது நிமிஷம் ஒரு கறுப்பினக் குழந்தையின் தனிமையோடு நாட்டையே உட்காரவைத்த படம் அந்தக் காலத்தில் வேறு எத்தனை இருந்துவிடப்போகிறது? இந்தத் தொடரில் நான் மிகவும் மதிப்பது இந்த ஒன்றைத்தான்.

ரோச்சின் ஸ்டூடியோவை விட்டுச் சற்று வெளியே வருவோம். கறுப்பர் வேடத்தைக் கறுப்பரே ஏற்றால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். சிகாகோவில் 1915 முதல் நான்கைந்து வருஷம் எபோனி என்ற நிறுவனம் முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்தே நகைச்சுவைப் படங்கள் எடுத்தது. ‘எ பிளாக் ஷெர்லக் ஹோம்ஸ்’ அவற்றில் ஒன்று. மேலாளர் லூதர் பொலார்ட் கறுப்பினத்தவர். முதல் போட்டவர்கள் வெள்ளையர்கள். சிகாகோவின் புகழ்பெற்ற கறுப்பின வார இதழான ‘டிஃபெண்டர்’ இந்தப் படங்களைக் கடுமையாக எதிர்த்தது. நம்மை நாமே இழிவாகக் காட்டிக்கொள்ளக் காசு கொடுப்பதா என்பது அதன் கோபம். அதற்கு மாற்றாக நோபிள் ஜான்சன் சகோதரர்கள் 1916-ல் தொடங்கிய லிங்கன் நிறுவனம் நகைச்சுவைப் பக்கமே போகாமல் உழைப்பு, முன்னேற்றம், குடும்ப கௌரவம் என்று படமெடுத்தது. சிரிப்பையே சந்தேகத்தோடு பார்க்கும் நிலைக்கு ஒரு சமூகம் தள்ளப்பட்டிருந்தது. 1929-ல் பேசும்பட நாட்களில் ஆல் கிறிஸ்டி எடுத்த கறுப்பினக் குறும்படங்களிலும் இதே இழுபறிதான். கதை எழுதியவர் வெள்ளை எழுத்தாளர் ஆக்டேவஸ் ராய் கோஹன். திரைக்கு ஏற்ப மாற்றுவதில் கைகொடுத்தவர் கறுப்பின நடிகர் ஸ்பென்சர் வில்லியம்ஸ். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அவர் பின்னால் தாமே இயக்குநராகி 1941-ல் ‘தி பிளட் ஆஃப் ஜீசஸ்’ எடுத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி ஸ்டைமி. மாத்யூ பேர்ட், 1925 ஜனவரி முதல் தேதி லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தவன். 1930-ல், ஃபரீனா வளர்ந்துவிட்டான் என்று ஸ்டூடியோ மாற்று ஆள் தேடியபோது கிடைத்த ஐந்து வயதுப் பிள்ளை. மொட்டைத் தலையில் ஒரு பெரிய வட்டத் தொப்பி; அது ஸ்டான் லாரல் கொடுத்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். சம்பளத்தில் ஒரு பெரிய குடும்பம் சாப்பிட்டது. ஸ்டைமியிடம்தான் இந்தத் தொடரின் எழுத்து கொஞ்சம் தலை நிமிர்கிறது. அவன் பேயைக் கண்டு ஓடும் ஆள் இல்லை. நிதானமாக நிற்பான், எதிராளியை அளப்பான், ஒற்றை வரியில் வாயடைப்பான். பணக்காரப் பிள்ளையை ஏய்த்து விருந்து சாப்பிடும் சாமர்த்தியம் அவனுக்கு உண்டு. கூட்டத்தில் புத்திசாலி யாரென்று கேட்டால் ஸ்டைமியைத்தான் காட்ட வேண்டும்.

1931-ல் ‘லிட்டில் டாடி’ படத்தில் ஃபரீனாவும் ஸ்டைமியும் அண்ணன் தம்பி. தம்பியை அநாதை இல்லத்துக்குக் கொண்டுபோகப் போகிறார்கள். தகப்பன் ஸ்தானத்தில் நின்று வளர்த்த அண்ணன் பிரிய வேண்டும். போகும் பிள்ளையும் வரும் பிள்ளையும் ஒரே சட்டகத்தில் நிற்கிறார்கள். அந்த வருஷத்தோடு ஃபரீனாவின் காலம் முடிந்தது. ஆனால் இதே ஸ்டூடியோதான் 1933-ல் ‘தி கிட் ஃப்ரம் போர்னியோ’ எடுத்தது. சர்க்கஸ் ‘காட்டுமிராண்டி’ ஒருவனைத் தங்கள் மாமா என்று நம்பி வீட்டுக்கு அழைத்துப்போகும் பிள்ளைகளின் கதை. பிற்காலத்தில் தொலைக்காட்சி நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்த படம் அது. மறுத்தது சரியே.

அடுத்து வந்த பக்வீட், அதாவது பில்லி தாமஸ், 1934-ல் சேர்ந்தபோது வயது மூன்று. மறுபடியும் சடைப் பின்னல், மறுபடியும் பாவாடை, மறுபடியும் தானியத்தின் பெயர். ஸ்டைமியில் தலை நிமிர்ந்தது பக்வீட்டில் திரும்பவும் குனிந்தது. 1936-ல் இந்தத் தொடரிலிருந்து ஒரே ஒரு முழுநீளப் படம் எடுத்தார்கள்: ‘ஜெனரல் ஸ்பாங்கி’. உள்நாட்டுப் போர்க் காலம். பக்வீட் எஜமானைத் தேடி அலையும் அடிமைச் சிறுவன். பதினான்கு வருஷமாகத் தெருவில் சமமாக ஓடியவர்களை, பெரிய திரைக்குக் கொண்டுபோனதும் எஜமானாகவும் அடிமையாகவும் பிரித்துவிட்டார்கள். 1938-ல் ரோச் இந்தத் தொடரை எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு விற்றார். 1944-ல் நின்றுபோகும் வரை பக்வீட் அதில் இருந்தான். மொத்தம் 220 குறும்படங்கள்.

இந்த 22 வருஷத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தென்படுவது இது. ஹாலிவுட் நகைச்சுவை கறுப்பர்களுக்குச் சமத்துவம் கொடுத்தது. ஆனால் பால் பல் விழும் வயது வரைக்கும் மட்டும். மீசை அரும்பத் தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். வெள்ளைச் சிறுமியின் பக்கத்தில் மூன்று வயதுக் கறுப்புப் பிள்ளை உட்காரலாம். பதின்மூன்று வயதுப் பையன் உட்கார்ந்தால் தென் மாநிலங்களில் படம் ஓடாது. விநியோகஸ்தர் கணக்கு அது. வளர்ந்த கறுப்பருக்கு அன்றைய நகைச்சுவையில் இருந்த இடம் ஸ்டெபின் ஃபெட்சிட்டின் இடம்தான். லிங்கன் பெர்ரி என்ற அந்த நடிகர் சோம்பேறித்தனத்தை ஒரு நடனம்போல் நுணுக்கமாக நடித்துப் பெரும் பணமும் பெரும் பழியும் சம்பாதித்தார். 1930-ல் ‘எ டஃப் விண்டர்’ என்ற குறும்படத்தில் அவர் இந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து நடித்தார். பிள்ளைகளின் வருங்காலமே அவர்கள் எதிரே வந்து நின்றது என்று சொன்னால் தவறில்லை. எர்னி மாரிசன் இருபத்தேழு வயதில் திரும்பி வந்து ‘ஈஸ்ட் சைட் கிட்ஸ்’ படங்களில் நடித்தபோது, லாய்டையே திணறடித்த அந்தக் கலைஞனுக்குக் கிடைத்ததில் பெரும் பங்கு பழைய சரக்குதான்: பேய், கண்ணுருட்டல், நடுக்கம்.

பிறகு என்ன ஆனார்கள்? எர்னி சினிமாவை விட்டு விமானத் தொழில் துறையில் தரப் பரிசோதகராக வேலை பார்த்தார். ஃபரீனா ராணுவத்தில் பணியாற்றித் திரும்பி, கலிபோர்னியாவில் மனநலம் குன்றியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவும் பணியில் வாழ்நாளைச் செலவிட்டார். ஸ்டைமி போதைப் பழக்கத்தில் வருஷக்கணக்காகச் சீரழிந்தார், சிறையும் பார்த்தார். பின்பு அதிலிருந்து மீண்டு, எழுபதுகளில் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்து, போதைக்கு எதிராகப் பேசினார். பக்வீட் ராணுவத்தில் இருந்தார்; வந்து டெக்னிகலர் நிறுவனத்தின் லேபில் வேலைக்குச் சேர்ந்தார். ஃபரீனா 1980 ஜூலையிலும், பக்வீட் அதே வருஷம் அக்டோபரிலும், ஸ்டைமி 1981 ஜனவரியிலும் இறந்தார்கள். ஆறு மாதத்துக்குள் மூவரும் போய்விட்டார்கள். எர்னி மட்டும் 1989 வரை இருந்தார். ‘கறுப்பினத் திரைக்கலைஞர்களின் புகழ் மண்டபம்’ 1975-ல் ஃபரீனாவையும் 1987-ல் எர்னியையும் சேர்த்துக்கொண்டது. 1955 முதல் ‘தி லிட்டில் ராஸ்கல்ஸ்’ என்ற பெயரில் இந்தப் படங்கள் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கி, இன்னொரு தலைமுறையே அவர்களைப் பார்த்து வளர்ந்திருந்தது. விநியோக உரிமை பெற்றிருந்த கிங் வேர்ல்ட் நிறுவனம் எழுபதுகளின் தொடக்கத்தில் இனக் கேலிக் காட்சிகளை வெட்டியது; சில படங்களை அறவே நீக்கியது. வெட்டியதில் கேலியோடு சேர்ந்து அந்தப் பிள்ளைகளின் நல்ல நடிப்பும் சில இடங்களில் போய்விட்டது.

ஒரு வழக்கையும் சொல்லி முடிக்கிறேன். 1947-ல் ஹால் ரோச் பழைய நினைப்பில் ‘கர்லி’ என்ற வண்ணப் படம் எடுத்தார். மீண்டும் பிள்ளைகள், மீண்டும் பள்ளிக்கூடம், ஒரே வகுப்பில் வெள்ளையும் கறுப்பும். டென்னஸி மாநிலம் மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைக் குழுவின் தலைவர் லாய்ட் பின்ஃபர்ட் படத்தைத் தடை செய்தார். வெள்ளையர் பள்ளியில் கறுப்பரைத் தெற்கு அனுமதிப்பதில்லை, குழந்தைகளிடையேகூட இரு இனங்களுக்கும் சமூகச் சமத்துவத்தை அது ஏற்பதில்லை என்று காரணமும் எழுதிக் கொடுத்தார். 1920-களிலிருந்து திரையில் வந்துகொண்டிருந்த அதே வகுப்பறைதான். விநியோகித்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நீதிமன்றம் போனது. அந்த நிறுவனம் டென்னஸியில் தொழில் நடத்தப் பதிவு பெறவில்லை, எனவே வழக்காட உரிமை இல்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் 1949-ல் கைகழுவிவிட்டது. 1950-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிகளில் இனப்பிரிவினை சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1954 மே 17 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் ஷாங்காய் போகிறோம். 1930-ல் ஹெரால்ட் லாய்டின் ‘வெல்கம் டேஞ்சர்’ அங்கே திரையிடப்பட்டபோது, சீனர்களை அது காட்டிய விதம் பொறுக்காமல் நாடகாசிரியர் ஹாங் ஷென் கொட்டகையிலேயே எழுந்து நின்று, பார்வையாளர்களை வெளியேறும்படி அழைத்தார். லாய்ட் மன்னிப்புக் கேட்க நேர்ந்த கதை அது.